காயம்படாத ஒரு தக்காளிச் செடி வேண்டும்

பல வருடங்களுக்கு முன் முழங்காலில் அடிபட்டபோது எடுத்த எக்ஸ்-ரே படம் ஒன்று அலமாரியில் கிடந்தது. என் காயத்தைப் பார்க்க எடுத்த அந்தப் படத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் போன மாதம் ஒரு தக்காளிச் செடியின் காயத்தைப் பார்த்தேன். அதற்குள் மூன்று வாரம் வீணாயிற்று, இருபது நாற்றுகள் பலியாயின. எங்கெங்கே சறுக்கினேன் என்பதையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன். இதே வேலையை வேறு யாராவது எடுத்தால் அந்த மூன்று வாரமாவது மிச்சமாகும்.

கேள்வி எளிமையானதுதான். கீழ் இலையை நசுக்கினால், யாரும் தொடாத மேல் இலைக்கு அது தெரியுமா?

தெரியும் என்று 1972-லேயே காட்டிவிட்டார்கள். அமெரிக்காவில் கிளாரன்ஸ் ரயானும் அவருடன் வேலை செய்த கிரீனும் தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளின் இலைகளில் கொலராடோ வண்டுகளை மேயவிட்டார்கள். சில மணி நேரத்தில், கடிபட்ட இலையில் மட்டுமல்லாமல் கடிபடாத இலைகளிலும் ஒரு வகைப் புரதம் குவிய ஆரம்பித்தது. டிரிப்சின், கைமோடிரிப்சின் போன்ற செரிமான நொதிகளின் வாயை அடைக்கும் புரதம் அது, தடுப்பான் என்பார்கள். நொதி தன் இரையை வெட்டுவதற்காக வைத்திருக்கும் பள்ளத்தில் இது போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காது. இலையைத் தின்ற புழுவுக்கு வயிறு நிறையும், சத்து ஏறாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொலராடோ வண்டு தன் குடலில் பெரும்பாலும் வேறு வகை நொதிகளை வைத்துத்தான் செரிக்கிறது. செடி செய்த பூட்டு அதற்குச் சரியாகப் பொருந்தாது. டிரிப்சினை நம்பிப் பிழைக்கும் பல பச்சைப் புழுக்களுக்குத்தான் அது சிக்கல்.

சரி, இதை ஆய்வுக்கூடம் இல்லாமல் கண்ணால் பார்க்க முடியுமா? இங்கேதான் எக்ஸ்-ரே படம் வருகிறது.

பழைய முறையில் கழுவி எடுத்த எக்ஸ்-ரே பிலிமில் கறுப்பாகத் தெரிவது நுண்ணிய வெள்ளித் துகள்கள். அந்தத் துகள்களைப் பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின், அதாவது புரதம். டிரிப்சின் ஒரு சொட்டு வைத்தால் அது ஜெலட்டினைத் தின்னும். பிடிமானம் போன வெள்ளி தண்ணீரில் கழுவினால் வந்துவிடும். அந்த இடம் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். டிரிப்சினோடு தடுப்பான் கலந்திருந்தால் கறுப்பு அப்படியே நிற்கும். அவ்வளவுதான் தத்துவம். தெளிந்தால் தடுப்பான் இல்லை, கறுத்தே இருந்தால் இருக்கிறது. இது நான் கண்டுபிடித்த வித்தை அல்ல. விதைகளில் இத்தகைய தடுப்பான்களைத் தேடுகிறவர்கள் வெகுகாலமாகச் செய்வதுதான்.

செய்து பார்த்தபோது முதல் சொட்டே தெளியவில்லை. கறுப்பு, பழுப்பாக மாறியதோடு நின்றது. நொதி செத்துவிட்டது என்று நினைத்து இரண்டு முறை புதிதாகக் கரைத்தேன். பிறகுதான் பிலிமின் ஓரத்தைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பூச்சு! மருத்துவ எக்ஸ்-ரே பிலிம்கள் பலவற்றில் முன்னும் பின்னும் ஜெலட்டின் இருக்கும். மேல் பக்கத்தை நொதி தின்றுவிட்டது, அடிப் பக்கம் கறுத்தே இருந்தது. ஆக, ஒரு பக்கத்தை முன்கூட்டியே உரித்தாக வேண்டும். பிலிமைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, பஞ்சில் பிளீச்சிங் திரவம் தொட்டு மேல் பக்கத்தை மட்டும் துடைத்தேன். சில நிமிடத்தில் கறுப்புச் சேறாக வந்துவிட்டது. கையுறை கட்டாயம். அப்புறம் தண்ணீரில் நன்றாக ஊறவைத்துக் கழுவ வேண்டும். பிளீச்சிங் மிச்சம் இருந்தால் டிரிப்சினை அதுவே கொன்றுவிடும், நாம் ‘தடுப்பான் இருக்கிறது’ என்று மகிழ்ந்துகொண்டிருப்போம்.

இன்னொன்று. அண்மைக் காலத்தில் அச்சாகி வரும் உலர் வகை பிலிம் ஒன்றையும் முயன்றேன். அது எதற்கும் அசையவில்லை. பழைய, ஈரத்தில் கழுவி எடுத்த பிலிம்தான் வேண்டும். ஓரத்தில் இருக்கும் பெயரையும் எண்ணையும் முதலில் வெட்டி எறிந்துவிடுங்கள்.

டிரிப்சின் தூள், பாடம் நடத்தும் நண்பர் ஒருவர் கொடுத்தது. மூக்கில் ஏறினால் ஒவ்வாமை தரக்கூடிய பொருள். முகமூடி போட்டுக்கொண்டுதான் நிறுத்தேன். மிக மெல்லிய அமிலத்தில் கரைத்துப் பனிக்கட்டியில் வைத்தால் அது தன்னைத்தானே தின்னாமல் இருக்கும். வேலைக்கு எடுக்கும்போது மில்லிலிட்டருக்கு 0.1 மி.கி. வீதம் சமையல் சோடாக் கரைசலில் கலந்துகொண்டேன். லிட்டருக்கு 8.4 கிராம் சோடா போட்டால் பி.எச். 8-ஐ ஒட்டி நிற்கும், டிரிப்சினுக்குப் பிடித்த அளவு அது. தடுப்பான் உண்டு என்று நிச்சயமாகத் தெரிந்த சாட்சிக்கு, ஊறவைத்து அரைத்த பச்சை சோயாபீன்ஸ் சாறு. தடுப்பானே இல்லாத சாட்சிக்கு, வெறும் சோடாத் தண்ணீர். இரண்டும் சொன்னபடி நடந்த பிறகுதான் செடியின் பக்கம் போனேன்.

முதல் சுற்று

எட்டு நாற்றுகள். விதைத்து மூன்று வாரம். இரண்டு நல்ல இலை விரிந்து, மூன்றாவது நுனியில் துளிர்த்திருந்தது. நான்கின் கீழ் இலையைக் குறடால் நசுக்கினேன். நான்கைச் சும்மா விட்டேன். மறுநாள் எல்லா மேல் இலைகளையும் தனித்தனியே சிறு உரலில் அரைத்துச் சாறெடுத்து, வரிசையாக வைத்துவிட்டுப் பிலிமைத் தயார் செய்யப் போனேன்.

எட்டும் கறுப்பு. நசுக்கியது, நசுக்காதது என்ற வித்தியாசமே இல்லை.

சாற்றைப் பார்த்ததும் பாதி விடை தெரிந்தது. அரை மணி நேரத்தில் பச்சைச் சாறு பழுப்பாகியிருந்தது. இலையின் செல்லில் பீனால்கள் வாக்குவோல் என்ற நீர்ப்பையிலும், அவற்றை ஆக்சிஜனேற்றம் செய்யும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி பசுங்கணிகத்திலும் தனித்தனியே அடைபட்டிருக்கும். அரைத்ததும் இரண்டும் சேர்ந்துவிடுகின்றன. விளைவது குயினோன்கள். அகப்பட்ட புரதத்தின் மேலெல்லாம் ஒட்டிக்கொள்ளும் குணம் அவற்றுக்கு. என் டிரிப்சினின் மேலும் ஒட்டி அதை முடக்கிவிட்டன. செடி செய்த பூட்டை அளக்கப் போய், நான் அரைத்ததால் உண்டான பழுப்பை அளந்திருக்கிறேன். இதுவும் ஒரு காயப் பதில்தான், ஆனால் நான் தேடியது அதை அல்ல.

திருத்தம் இரண்டு. பனிக்கட்டி மேல் உரலை வைத்து, வைட்டமின் சி மாத்திரைத் தூளும் அதன் புளிப்பைச் சரிக்கட்டச் சிறிது சோடாவும் சேர்த்து அரைப்பது. அரைத்த கையோடு, சாற்றை 70 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் நிறுத்துவது. தக்காளியின் இந்தத் தடுப்பான்கள் சூட்டைத் தாங்கும். மற்ற பல புரதங்கள் திரிந்து அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்துக்கொண்டேன். சாறு பழுப்பாவது நின்றது.

இரண்டாவது சுற்று

இந்த முறை ஒழுங்காகச் செய்கிறேன் என்று கிளம்பினேன். பன்னிரண்டு நாற்றுகள். ஒவ்வொன்றிலும் சோதனைக்கு முன் எவ்வளவு தடுப்பான் இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? ஆகவே எல்லாச் செடியின் கீழ் இலையிலும் காகிதம் துளைக்கும் கருவியால் ஒரு வட்டம் எடுத்து ‘0 மணி’ என்று எழுதி உறைபெட்டியில் வைத்தேன். தண்டில் எண் எழுதிய சீட்டைக் கிளிப்பால் கவ்வவிட்டேன். ஆறு செடியை நசுக்கினேன், ஆறை விட்டேன். குறிப்பேட்டில் அட்டவணை எல்லாம் போட்டு, பார்க்கவே அழகாக இருந்தது.

அடுத்த நாள் சாற்றைப் பாதிப் பாதியாக நீர்த்து வரிசை வைத்தேன்: நீர்க்காதது, 2-ல் 1, 4-ல் 1, 8-ல் 1, 16-ல் 1. எந்த நீர்ப்பு வரை பிலிம் கறுத்தே நிற்கிறதோ அதுதான் அந்த இலையின் பலம். நசுக்கிய செடிகள் 8-ல் 1 வரை நின்றன. நசுக்காதவையும் 8-ல் 1 வரை நின்றன.

பிலிமில் ஒரு வரிசை காலியாக இருந்தது. வீணாக்குவானேன் என்று, ஜன்னல் ஓரத்தில் கணக்கில் சேராமல் கிடந்த பதின்மூன்றாவது நாற்றின் இலையையும் அரைத்து வைத்தேன். சீட்டு இல்லை, துளை இல்லை, அதை யாரும் கவனிக்கவே இல்லை. முதல் சொட்டிலேயே கண்ணாடி போலத் தெளிந்தது.

அந்த ஒரு தெளிந்த புள்ளியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ‘0 மணி’ மாதிரிக்காக நான் போட்ட துளைதான் காயம். கிளிப்பின் கவ்வலும் காயமாக இருக்கலாம். காயத்தை அளக்கப் போனவன் அளப்பதற்கு முன்பே எல்லாச் செடியையும் காயப்படுத்தி வைத்திருந்தேன். சேதி செடி முழுக்கப் பரவும் என்பதுதானே நான் காட்ட நினைத்ததே! அப்படிப் பரவும் ஒன்றை, அதே செடியில் ஒரு துண்டு எடுத்து முன்னும் பின்னும் ஒப்பிட முடியாது. ஒரு செடியை ஒரு முறைதான் கேட்கலாம். பதில் சொன்னதும் அதன் கணக்கு முடிந்தது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தத் தடுப்பான்கள் செய்யப்பட்டதும் வாக்குவோலுக்குள் போய்ச் சேர்ந்து நாள்கணக்கில் அங்கேயே இருக்கும். எனவே போன வாரம் நாற்றைப் பிடுங்கி வேறு தொட்டியில் நட்டபோது அறுந்த வேர், ஒடிந்த காம்பு, எல்லாம் இன்றைய பிலிமில் வந்து சாட்சி சொல்லக்கூடும். காயப்படுத்துவது ஒரு நொடி வேலை. காயம்படாத ஒரு செடியை வைத்திருப்பதுதான் பாடு.

மூன்றாவது சுற்று

ஒரு தொட்டிக்கு ஒரு விதை, முளைத்த இடத்திலேயே வளரட்டும், பிடுங்கி நடுவது இல்லை. எண் தொட்டியின் மேல். தண்ணீர் அடித் தட்டில். இலையைத் தொட்டுப் பார்ப்பது, உயரம் அளப்பது எல்லாம் நிறுத்தம். அடிக்கடி தடவினாலே செடிக்குள் ஜாஸ்மோனேட் என்ற காயச் சேதி ஹார்மோன் ஏறும். நசுக்கும் செடிகளையும் நசுக்காத செடிகளையும் வேறு வேறு அறையில் வைத்தேன். இதற்குக் காரணம், 1990-இல் ஃபார்மரும் ரயானும் வெளியிட்ட ஒரு சோதனை. மீதைல் ஜாஸ்மோனேட் ஆவி படிந்தாலே தக்காளி இலை தடுப்பான் செய்ய ஆரம்பித்துவிடுகிறது என்று மூடிய பெட்டிகளில் வைத்துக் காட்டினார்கள். அதைச் சுரக்கும் ஒரு காட்டுப் புதரின் கிளையைப் பக்கத்தில் வைத்ததே போதுமாக இருந்தது. மல்லிகை எண்ணெயிலிருந்து முதலில் பிரித்தெடுத்த மணப்பொருள் அது, ஜாஸ்மோனேட் என்ற பெயரும் அந்தப் பூவிலிருந்து வந்ததுதான். திறந்த அறையில் அவ்வளவு செறிவு வராது என்று தெரியும். ஆனாலும் சூடு கண்ட பூனை நான்.

பன்னிரண்டு செடிகள். நான்கு சும்மா. நான்கின் கீழ் இலை நுனியை, நடுநரம்புக்குக் குறுக்கே குறடால் நசுக்கி, மூன்று மணி நேரம் கழித்து அதன் கீழே இன்னொரு முறை நசுக்கி, விளக்கு வெளிச்சத்தில் வைத்தேன். மீதி நான்கை அதே மாதிரி நசுக்கி இருட்டுப் பெட்டியில் வைத்தேன். கத்தரிக்கோலால் சுத்தமாக வெட்டுவதைவிட நசுக்குவது நல்லது. செல்கள் உடைந்து உள்ளே இருப்பது வெளியே கொட்ட வேண்டும், புழுவின் தாடையும் அதைத்தான் செய்கிறது.

இனி 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் அந்த இலைக்குள் என்ன நடக்கிறது என்று எழுதிப் பார்த்தேன்.

நசுக்கிய நொடியில் செல் சவ்வு கிழிகிறது. செல்லுக்குள் அடைபட்டிருந்த குளுட்டமேட் வெளியே கசிகிறது. நம் மூளையில் நரம்புக்கு நரம்பு சேதி சொல்லும் அதே குளுட்டமேட்தான். பக்கத்துச் செல்களில் அதை உணரும் வாயில்கள் திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. அந்தக் கால்சியம் அலை இலை நரம்பு வழியே நொடிக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடி, ஓரிரு நிமிடத்தில் தூரத்து இலையை எட்டுகிறது. 2018-இல் டொயோட்டா என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் கால்சியம் பட்டால் ஒளிரும் புரதம் கொண்ட அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுக்கூடச் சிறு செடிகளில் இதைப் படமாகவே எடுத்தார்கள். புழு கடித்த இடத்திலிருந்து வெளிச்சம் கிளம்பி அடுத்த இலைக்குப் போவதைப் பார்க்கலாம். அதற்கு ஐந்து வருடம் முன்பே, ஃபார்மரின் குழு அந்த வாயில் மரபணுக்களில் இரண்டைக் கெடுத்துவிட்டால் கால்சியத்தோடு கூடவே இலைக்கு இலை ஓடும் மின் அலை போய்ச் சேருவது குலைந்துவிடுகிறது என்று காட்டியிருந்தது.

இந்த மின் அலையை நானும் பிடித்துவிடலாம் என்று ஒரு மல்டிமீட்டரை வைத்து உட்கார்ந்தேன். வெள்ளிக் கம்பி ஒன்றை ஈரப் பஞ்சில் சுற்றி இலைக் காம்பில், இன்னொன்று மண்ணில். எண்கள் ஆடின. நான் நகர்ந்தால் ஆடின, விளக்கை அணைத்தால் ஆடின, நசுக்கியபோதும் ஆடின. எது செடியுடையது, எது என்னுடையது என்று பிரிக்கவே முடியவில்லை. அதற்கு உள்ளீட்டு மின்தடை மிக அதிகமான பெருக்கியும் நல்ல மின்தடுப்புக் கூண்டும் வேண்டும். விட்டுவிட்டேன்.

அலை போன பிறகு வேதியியல் தொடங்குகிறது. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். பசுங்கணிகச் சவ்வின் கொழுப்பிலிருந்து லினோலெனிக் அமிலம் கழன்று வருகிறது. 18 கார்பன் நீளம். லிப்பாக்சிஜினேஸ் என்ற நொதி அதன் 13-ஆவது கார்பனில் ஆக்சிஜனை ஏற்றுகிறது. இங்கே பாதை பிரிகிறது. ஒரு பக்கம் போனால் மூலக்கூறு இரண்டாக உடைந்து 6 கார்பன் துண்டு காற்றில் பறக்கிறது. புல் வெட்டியதும் நம் மூக்குக்கு வரும் பச்சை வாடை அதுதான். மறு பக்கம் போனால் மூலக்கூறு வளைந்து ஐந்து முனை வளையமாகி, பசுங்கணிகத்தை விட்டு வெளியேறிப் பெராக்சிசோம் என்ற செல்லின் இன்னொரு சிற்றறைக்குப் போகிறது. அங்கே இரண்டிரண்டு கார்பனாக மூன்று முறை கத்தரிக்கப்பட்டு 12 கார்பனோடு ஜாஸ்மோனிக் அமிலமாக வெளிவருகிறது. ஆக, குறடை எடுத்தபோது என் மூக்கில் ஏறிய வாடையும், செடியின் அபாயச் சேதியும் ஒரே கொழுப்பின் இரண்டு பிள்ளைகள்.

ஜாஸ்மோனிக் அமிலம் அப்படியே வேலை செய்வதில்லை. ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தை அதன் தலையில் கட்ட வேண்டும். கட்டியதும் அது கோஐ1 என்ற புரதத்தையும் ஜாஸ் என்ற புரதத்தையும் சேர்த்து ஒட்டும் பசையாகிறது. ஜாஸ் புரதங்கள் சாதாரண நாள்களில் தற்காப்பு மரபணுக்களுக்கு முட்டுக்கட்டையாக நிற்பவை. கோஐ1-இடம் மாட்டிய ஜாஸ் மீது அழிப்பதற்கான அடையாளம் குத்தப்படுகிறது, செல்லின் புரத அரவை இயந்திரம் அதைப் பொடியாக்குகிறது. முட்டுக்கட்டை போனதும் அதுவரை அடங்கியிருந்த மைக்2 என்ற புரதம் மரபணுக்களை இயக்குகிறது. ஜாஸ் புரதங்கள் 2007-இல்தான் அகப்பட்டன. அதாவது செடி காயத்துக்குப் பிறகு ஓடிப்போய் எதையோ புதிதாகக் கண்டுபிடிப்பதில்லை. வண்டி எப்போதும் சரிவில்தான் நிற்கிறது, கட்டையை உருவினால் போதும்.

தக்காளிக்கு இன்னும் ஒரு விசேஷம் உண்டு: சிஸ்டமின். 18 அமினோ அமிலம் மட்டுமே கொண்ட குட்டிப் புரதத் துண்டு. 200 அமினோ அமில நீளமுள்ள ஒரு பெரிய புரதத்திலிருந்து காயம்பட்டதும் வெட்டி எடுக்கப்படுகிறது. 1991-இல் பியர்ஸ், ரயான் குழுவினர் இதைக் கண்டபோது தாவரங்களில் பெப்டைடு ஹார்மோன் என்பதே புதுச் செய்தி. கொஞ்ச காலம் இதுதான் மேல் இலைக்கு ஓடும் தூதன் என்று நம்பினார்கள். 2002-இல் ஒட்டுக்கட்டிய செடிகளை வைத்து ஹோவின் குழு கதையைத் திருப்பிவிட்டது. ஜாஸ்மோனேட் செய்யத் தெரியாத வேர்த்தண்டில் நல்ல கிளையை ஒட்டி, கீழே காயப்படுத்தினால் மேலே பதில் இல்லை. செய்யத் தெரிந்த, ஆனால் ஜாஸ்மோனேட்டை உணரத் தெரியாத வேர்த்தண்டு என்றால் மேலே பதில் வருகிறது. அப்படியானால் காயம்பட்ட இலை ஜாஸ்மோனேட்டைச் செய்ய வேண்டும், தூரத்து இலை அதை உணர வேண்டும். சிஸ்டமின் காயம்பட்ட இடத்தின் அருகே நின்று ஊதி விடும் ஆள். ஒட்டுக்கட்டுகிற கத்தியே காயம் ஆயிற்றே, எவ்வளவு பொறுமையாக அது ஆறக் காத்திருந்திருப்பார்கள் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

முதல் அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் எழும்புவது இந்தச் சேதிக் கருவிகளின் மரபணுக்கள். தடுப்பான்களின் மரபணுக்கள் அதற்குப் பிந்தித்தான், நாலைந்து மணிக்கு மேல். புரதமாகக் குவிந்து கண்ணுக்குத் தெரிய ஒரு நாளாகிறது. அதற்குத்தான் 24 மணி.

மறுநாள் பிலிம். 37 டிகிரியில் ஈரத் துணி விரித்த டப்பாவுக்குள் இருபது நிமிடம், பிறகு குழாய்த் தண்ணீரில் விரல் நுனியால் மெல்லத் தடவிக் கழுவினேன். நசுக்கிய இலைகள் 16-ல் 1 வரை கறுப்பு. அதே செடிகளின் தொடாத மேல் இலைகள் 8-ல் 1 வரை கறுப்பு. இருட்டில் வைத்தவற்றின் மேல் இலைகள் 2-ல் 1-உடன் நின்றுவிட்டன. வெளிச்சம் இல்லாமல் இந்தக் குவிப்பு நடக்காது என்று கிரீனும் ரயானும் 1973-இலேயே எழுதியிருக்கிறார்கள். சும்மா இருந்த நான்கில் மூன்று, நீர்க்காத சாற்றிலேயே தெளிந்துவிட்டன.

நான்காவது, தொட்டி எண் 3, 4-ல் 1 வரை கறுத்து நின்றது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பிலிம் ஓர் அளவுகோல் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாதிப் பாதியாக நீர்க்கும்போது ஒரு படி முன்பின் தவறலாம். மேல் இலையில் இரண்டு மடங்கா மூன்று மடங்கா என்று இதை வைத்துச் சண்டை போட முடியாது. இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு மட்டும் நம்பலாம்.

ஆஸ்பிரின்

அடுத்த சுற்று, ஆசைக்காகச் செய்தது. நமக்கு அடிபட்டால் அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பிலிருந்து புரோஸ்டாகிளாண்டின்கள் உண்டாகி வலியும் வீக்கமும் வருகின்றன. ஆஸ்பிரின் அந்த உற்பத்தியை நிறுத்துகிறது என்று 1971-இல் காட்டினார் ஜான் வேன். 1982-இல் நோபல் பரிசு பகிர்ந்துகொண்டவர். செடியிலும் கொழுப்பு அமிலத்தில் ஆக்சிஜன் ஏற்றித்தான் சேதி பிறக்கிறது. ஆஸ்பிரினைத் தக்காளிக்குக் கொடுத்தால் காயப் பதில் அடங்குகிறது என்று 1988-இல் வெளியானது. ஜாஸ்மோனிக் அமிலம் உண்டாவதை அது தடுக்கிறது என்பது 1993-இல் தெரிந்தது.

75 மி.கி. மாத்திரை ஒன்றைப் பொடித்து 400 மி.லி. நீரில் கரைத்தால் ஏறக்குறைய 1 மில்லிமோலார் செறிவு வரும். மாத்திரையில் கலந்திருக்கும் மாவு அடியில் தங்கும், வடிகட்டிவிட வேண்டும். புளிப்பைக் குறைக்கச் சிட்டிகை சோடா. நாற்றுகளின் தண்டைப் புதுப் பிளேடால் அறுத்து, ஆறைக் கரைசலிலும் ஆறை வெறும் நீரிலும் நான்கு மணி நேரம் நிற்கவிட்டு, பிறகு எல்லாவற்றையும் நீருக்கு மாற்றிக் கீழ் இலையை நசுக்கினேன். தண்டை அறுப்பதும் காயம்தானே என்று யாராவது கேட்பார்கள். நானும் கேட்டுக்கொண்டேன். ஆகவே நீரில் வைத்த ஆறில் இரண்டை நசுக்காமல் விட்டுவைத்தேன். அவை 2-ல் 1-ஐத் தாண்டவில்லை. இளம் நாற்றைச் சுத்தமாக ஒரே இழுப்பில் அறுத்தால் கலக்கம் குறைவுதான், மழுங்கிய பிளேடு என்றால் கதை வேறு.

நீரில் நின்று நசுக்குப்பட்ட நான்கும் 8-ல் 1. ஆஸ்பிரின் குடித்து நசுக்குப்பட்டவற்றில் நான்கு, அறுத்ததோடு சரி என்பது போல 2-ல் 1-இல் நின்றன. ஒன்று 4-ல் 1. ஆறாவது வாடிச் சாய்ந்துவிட்டது. கரைசல் அதற்குக் காட்டமாகிவிட்டதோ, தண்டில் காற்றுக் குமிழ் அடைத்துக்கொண்டதோ. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அடுத்த முறை தண்ணீருக்கு அடியில் வைத்தே தண்டை அறுக்க வேண்டும்.

இப்போது தொட்டி எண் 3. மேல் இலையைத்தான் அரைத்திருந்தேன், கீழ் இலை செடியிலேயே இருந்தது. யாரும் தொடவில்லை, வேறு அறை, எண் தொட்டியின் மேல், எல்லாம் மற்ற மூன்றைப் போலத்தான். கிள்ளியிருப்பேனோ, தண்ணீர் ஊற்றும்போது இடித்திருப்பேனோ என்று குறிப்பேட்டை இரண்டு முறை புரட்டினேன். ஒன்றும் இல்லை. நான்கு நாள் கழித்துக் கீழ் இலையின் மேல் வெள்ளையாக நெளிந்த ஒரு கோடு தெரிந்தது. விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்து உருப்பெருக்கியில் பார்த்தால், கோட்டின் நுனியில், இலையின் இரண்டு தோலுக்கும் நடுவில், மஞ்சளாக ஒரு சின்னப் புழு மும்முரமாகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தது. சோதனை நாளன்று அந்தக் கோடு எனக்குக் கண்ணில் படும் அளவு இருந்திருக்காது.

அட்டவணையில் 3-க்கு எதிரே ‘காயம்படாதது’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டேன்.